பாஸ்கா ரிப்போர்ட்

மேட்டுப்பட்டி கஸ்பார் வாத்தியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'இருந்தது, இப்ப இல்ல' என்றுதான் சொல்ல வேண்டும். நம்பாத ஆட்களுக்காகவே பீரோவில் ஒரு பச்சை ஃபைல் வைத்திருந்தார். அதில் பத்து வருஷத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாக, வரிசை கெடாமல் இருந்தன. வெறும் வயிற்றில் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, ஒரு வருஷம் தொண்ணூற்றெட்டுகூட. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் ஃபைல் வரும். "இது சுகர்க்காரன் ரத்தமாய்யா? நீயே பாத்துச் சொல்லு" என்பார். வந்தவர்களும் என்ன செய்வார்கள், காபி வர வேண்டுமே என்று தலையை ஆட்டிவைப்பார்கள்.

எல்லாரும் நம்பரைப் பார்த்தார்கள். தேதியைப் பார்த்தவள் அவர் மனைவி அல்போன்சா ஒருத்திதான். பத்துச் சீட்டும் பெரிய சனிக்கிழமை காலையில் எடுத்தவை. அதாவது பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முதல் நாள், நாற்பது நாள் தவக்காலம் முடிகிற அன்றைக்கு.

தவக்காலத்தில் கஸ்பாரைப் பார்த்தால் சாமியாரே தோற்றுப்போவார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியதோடு கறி போச்சு, முட்டை போச்சு, இனிப்பு போச்சு. டீயில் சர்க்கரை கிடையாது. பகலில் ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. ராத்திரிக்குக் கேப்பைக் கூழ் ஒரு டம்ளர். விடிகாலையில் கோயிலுக்கு நடந்து போய்ப் பூசை கண்டு நடந்தே வருவார். காலில் செருப்பும் போட மாட்டார். அவருடைய அப்பா அப்படி இருந்தார், அதனால் இவரும் அப்படித்தான். இந்த லட்சணத்தில் நாற்பது நாள் இருந்துவிட்டு ரத்தம் கொடுத்தால் நம்பர் நல்லாத்தான் வரும். வராமல் எங்கே போகும்?

சீட்டு கைக்கு வந்த மறுநாள் ஈஸ்டர். அன்றைக்கு வாய் திறந்தால் அடுத்த வருஷம் சாம்பல் புதனில்தான் மூடும். காலையில் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும், மத்தியானம் சீரகச் சம்பாப் பிரியாணி, அதற்கப்புறம் தினம் சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஜமால் முகமது கடையில் நாலு புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னாவில் முக்கி அடித்துவிட்டு, மேலே மூணு கரண்டி சர்க்கரை போட்டு ஒரு டீ. பக்கத்துத் தெருவுக்குப் போக டி.வி.எஸ். வண்டி. 'பாஸ்கா ரிப்போர்ட்டு இருக்குல்ல' என்று ஒரு தைரியம். தொண்ணூற்று மூன்றில் நோயைக் கண்டுபிடித்த டாக்டர் பொன்னுத்துரை, அடுத்தடுத்த வருஷங்களில் இந்தச் சீட்டுகளைப் பார்த்து மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மீதிப் பாதியைக் கஸ்பார் தாமே குறைத்துக்கொண்டார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், கஸ்பார் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். சராசரி பாடம் நடத்துவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "ஏலே, நூறு வாங்குன பரீட்சைய மட்டும் சொல்ற. முட்ட வாங்குன நாலயும் ஒங்க அப்பனா வந்து சொல்லுவான்? எல்லாத்தையும் கூட்டி வகுலே!" என்று அவர் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வீட்டு வாசலில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் அல்போன்சாவுக்கும் கேட்கும். கேட்டுக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்த காலம் போய், எரிச்சல் வந்த காலமும் போய், இப்போது பயம் வந்திருந்தது.

பயம் வந்தது இரண்டாயிரத்து நாலாம் வருஷம் பொங்கல் முடிந்த வாரம். சாயந்தரம் கஸ்பார் கடைத்தெருவிலிருந்து நடந்து வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

"ஒத்தச் செருப்ப எங்கங்க போட்டீங்க?"

கஸ்பார் குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "அட, எங்கயோ கழண்டு விழுந்திருக்கும்போல" என்று சிரித்தார். அல்போன்சா சிரிக்கவில்லை. தெருக்கோடி வரை போய்த் தேடினாள். அவர் நடந்து வந்த வழியில், இரண்டு தெரு தள்ளி, ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் செருப்பு கிடந்தது. ஜல்லியை மிதித்து, அங்கிருந்து இங்கு வரைக்கும் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை வெட்ட உட்கார்ந்தால் நாலு நிமிஷத்தில் எழுந்துவிடுவாள். ராத்திரியில் அவர் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறார் என்று எண்ணுவாள். பாத்ரூமில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பாள். மொய்த்தது. "வாங்க, இன்னிக்கே போயி ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்" என்று தினம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பாஸ்காவுக்கு எடுக்கத்தான போறோம். முழுப் பரீட்சைக்கு முன்னால எவனாவது பேப்பர் திருத்துவானா?"

"பரீட்சையில காலு போனா திருப்பி ஒட்ட முடியுமாங்க?"

"நல்ல நாளும் பொழுதுமா வாயில வேற வார்த்தையே வராதா ஒனக்கு?" என்று அவர் எழுந்து போய்விட்டார். போன இடம் ஜமால் கடைதான், சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி கடைசியில் சாம்பல் புதன் வந்தது. வந்ததும் மனிதர் மாறிவிட்டார். புரோட்டா இல்லை, டீயில் சர்க்கரை இல்லை, வண்டி வீட்டுக்குள் நின்றது. பத்தே நாளில் முகம் தெளிந்தது. ராத்திரி ஒரே தடவைதான் எழுந்தார். அல்போன்சாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆனால் ஆத்திரம் வந்தது. முடியாதவன் செய்யவில்லை என்றால் பரவாயில்லை, இந்த மனிதரால் முடிகிறதே! ஆண்டவருக்காக நாற்பது நாள் வாயைக் கட்ட முடிகிறவருக்கு, கட்டிய பொண்டாட்டிக்காக நாற்பத்தோராம் நாள் கட்ட முடியாதா? சிலுவையில் தொங்குகிறவரிடமே போய் இதைக் கேட்டாள். அவர் தலையைச் சாய்த்தபடி இருந்தார். அவர்தான் என்ன செய்வார்.

பெரிய வெள்ளியன்று ஊரோடு சிலுவைப்பாதை. மேட்டுப்பட்டிக் கோயிலிலிருந்து தெருத்தெருவாகப் பதினாலு இடத்தில் நின்று செபம் சொல்லிக்கொண்டு, கடைசியில் ஊருக்கு வெளியே பாறைமேட்டுக்குப் போய்ச் சேரப் பகல் மூன்று மணி ஆகிவிடும். ஏப்ரல் வெயில். புதுத்தார் ரோடு கொதித்துக் கிடந்தது. மரச்சிலுவையின் முன்பக்கம் எப்போதும் கஸ்பார் தோளில்தான். சின்னப் பையன்கள் குதித்துக் குதித்து ஓரத்து மண்ணுக்கு ஓடினார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக வைத்து எடுத்தார்கள். கஸ்பார் மட்டும் நிதானமாக, பாதத்தை முழுசாக ஊன்றி நடந்தார். பார்த்த பெண்கள், "வாத்தியாரு பக்தியப் பாருங்க" என்று கன்னத்தில் கைவைத்தார்கள். அல்போன்சா பக்தியைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கஸ்பார் முகமெல்லாம் மலர, "அல்போன்சா, இந்த வருஷம் சுடவே இல்ல. செத்த நேரம்கூட சுடல. ஆண்டவரு தாங்கிக்கிட்டாருன்னுதான் சொல்லணும்" என்றார்.

அவள் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னடி இது, நேத்துப் பெரிய வியாழனுக்குத்தான கோயில்ல சாமியாரு பன்னெண்டு பேரு காலு கழுவுனாரு, இன்னிக்கு நீயா?" என்று அவர் சிரித்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ரூபாய் அளவுக்கு நாலைந்து, உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுக்கை மெதுவாகத் துடைத்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே, காய்த்துப்போன தோலில், பச்சையாக ஒரு பொட்டு. பாசிபோல இருக்கிறது என்று விரலால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் நெம்பினாள்.

அது ஒரு மணி. குண்டூசியின் தலையில் இருக்கிற பச்சை மணி.

அவளுடைய ஊசி. போன மாதம் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்காகக் கடைத்தெருவில் பொறுக்கி வாங்கிய பாக்கெட்டில் இருந்தது. தினம் தைத்து முடித்ததும் தரையில் காந்தம் வைத்து இழுத்துத்தான் பெருக்குவாள். இருப்புக்கொள்ளாமல் அலைந்த இந்த நாட்களில் எந்த நாளோ தவறியிருக்கிறது. செருப்பில்லாத கால் மேலே ஏறியிருக்கிறது. மணியைப் பிடித்து இழுத்தாள். சாய்வாக உள்ளே போயிருந்த முழு ஊசியும், துருப்பிடித்துக் கறுத்து, மெல்ல வெளியே வந்தது. பின்னால் கொஞ்சம் சீழும் வந்தது.

கஸ்பார் மேலே பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் ரத்தம் குடுத்துறணும். லேபுல கூட்டமாயிரும்" என்றார். ஊசி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அல்போன்சா ஊசியை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் காலைக் கட்டிப்பிடித்து அழுதாள். "பெரிய வெள்ளி அழுக" என்று அவர் அவள் தலையைத் தடவினார்.

மறுநாள் லேபில் ரத்தம் எடுத்தவள் ஷரீஃபா. கஸ்பாரிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். ஒரு மணி நேரத்தில் சீட்டு வந்தது. நூற்றுப் பதினாலு.

"பாத்தியா!" கஸ்பார் சீட்டை விசிறிபோல வீசிக்கொண்டார். "மூணு மாசமா உயிரெடுத்தியே, இப்ப என்ன சொல்ற?"

அல்போன்சா நாற்காலியிலிருந்து எழுந்தாள். முந்தானையை அவிழ்த்து ஊசியை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு லேபில் இருக்கிற நாலு பேர் பார்க்க, புருஷனின் காலைப் பிடித்து ஸ்டூலில் தூக்கி வைத்து, "ஷரீஃபா, இந்தக் காலப் பாரு தாயி. இந்த ஊசி எத்தன நாளா உள்ள இருந்துச்சுன்னு ஒன் சாருகிட்டயே கேளு" என்றாள்.

கஸ்பாருக்கு ஊசி விஷயமே அப்போதுதான் தெரியும். காலையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். ஷரீஃபா குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சார், இது சாதாரணப் புண்ணு இல்ல. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். அப்புறம், புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு. எச்.பி.ஏ.ஒன்.சி.ன்னு பேரு. மதுரைக்கு அனுப்பி எடுப்போம், செவ்வாக்கெழம வந்துரும். அது இன்னிக்கு நெலமையச் சொல்லாது சார். மூணு மாசத்துக் கணக்கையும் சேத்துச் சொல்லும்."

"அதெல்லாம் எதுக்கும்மா? இதுதான் நார்மல்னு வந்திருக்கே."

ஷரீஃபா தயங்கினாள். வாத்தியாரிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "நீங்க நடத்துன பாடந்தான் சார். இது ஒரு பரீட்சை மார்க்கு. அது சராசரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கஸ்பார் சட்டைக் கையைச் சுருட்டினார். ரத்தம் கொடுத்தார். ஆனால் டாக்டரிடம் வர முடியாது என்றார். ஈஸ்டரும் அதுவுமாக ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார முடியுமா, விருந்துக்கு ஆள் வருகிறது, எல்லாம் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அல்போன்சா கெஞ்சினாள், திட்டினாள், கோயில் வாசலில் வைத்துச் சண்டையே போட்டாள். கேட்கவில்லை.

ஈஸ்டரன்று அவள் மூன்று கிலோ கறி சமைத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் அவர் இலைக்கு மேலே கொஞ்சம் நிறுத்திவிட்டே போட்டாள். போடாமல் இருந்தால் விருந்தாளிகள் முன்னால் சண்டை வரும், போட்டால் இவளே ஊட்டிக் கொல்கிற மாதிரி இருக்கிறது. அடுப்படிக்கும் பந்திக்கும் நடந்தபடி இருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. கஸ்பார் வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலப் பச்சை ஃபைலை எடுத்துக்காட்டினார். ஆனால் சீட்டைக் காட்டும்போது குரலில் பழைய கெத்து இல்லை. இலைக்குக் கீழே இடது காலை உள்ளே இழுத்து வைத்திருந்தார். அதை அவள் பார்த்தாள். திங்கட்கிழமையும் விருந்தாளி இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாதம் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி, வழியில் லேப் வாசலில் நிறுத்தச் சொன்னாள். ஷரீஃபா சீட்டோடு வெளியே ஓடிவந்தாள்.

"ஒம்பது புள்ளி ரெண்டு சார். ஏழுக்குள்ள இருக்கணும்."

கஸ்பார் சீட்டை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சீட்டு வந்த கவரின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். "தொண்ணூறு நாளுன்னு வச்சுக்க. அதுல ஞாயித்துக்கெழமையெல்லாம் சேத்து நாப்பத்தஞ்சு நாளு ஒழுங்கா இருந்தேன், ஆறுன்னு போடு. மொத்தச் சராசரி ஒம்பது புள்ளி ரெண்டுன்னா..." மிச்ச நாற்பத்தைந்து நாளுக்கு என்ன வருகிறது என்று கணக்குப் போட்டார். விடையை எழுதினார். பன்னிரண்டு புள்ளி நாலு. அதைச் சுற்றி, தப்பான விடைக்குப் போடுவதுபோல, ஒரு வட்டம் போட்டார். அப்புறம் பேனாவை மூடினார்.

"வருஷம் பூரா இதுதானா இருந்திருக்கு?" என்று யாரையோ கேட்டார். அல்போன்சாவுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த திட்டு. "வண்டிய எடுப்பா" என்று மட்டும் ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

டாக்டர் பொன்னுத்துரை பழைய சீட்டுகளையும் புதுச் சீட்டையும் பார்த்தார். "நானும் தேதியப் பாக்காமப் போயிட்டேன் வாத்தியாரே" என்றார். சீழ் எலும்பு வரை போயிருக்கிறது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போக வேண்டும். போனால் பாதம் தப்பும். இதே சர்க்கரையோடு இருந்தால் அடுத்தது பாதம், அதற்கடுத்தது முழங்கால்.

"எம்புட்டு நாளு டாக்டர் கட்டுப்பாடா இருக்கணும்?"

"எம்புட்டு நாளுன்னா? ஆயுசுக்கும்தான்."

கஸ்பார் கூரையைப் பார்த்தார். "ஆயுசு பூரா தவக்காலமா?" என்றார்.

"நான் கறிய விடச் சொல்லல, அளவாச் சாப்பிடுங்க. தினம் நடங்க, மாத்திரை போடுங்க. நாப்பது நாளு அம்புட்டுப் பட்டினியும் வேண்டாம், மிச்ச நாளு அம்புட்டு ஆட்டமும் வேண்டாம்."

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன்னால் அல்போன்சா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஊசிங்க அது. நாந்தான் சரியாப் பெருக்கல" என்று உடைந்தாள். அவர் தலையை அசைத்தார். "ஊசி எல்லாரையுந்தான் குத்தும். குத்துனது தெரியாமப் போச்சு பாரு, அது நாஞ் செஞ்ச வேல" என்றார்.

இரண்டு விரல் போனது, பாதம் தப்பியது. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ள மெத்தென்ற கறுப்புச் செருப்பு வந்தது. ஜமால் கடைக்குப் போகிற வழியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். ஆனால் அல்போன்சாவுக்கு இருப்புக்கொள்வது என்பதே இல்லாமல் போயிற்று. தினம் சாயந்தரம் கோயில் மணி அடித்ததும் அவர் கால் இரண்டையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குண்டூசியின் மணித்தலையால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்துவாள். "தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"நல்லாத் தெரியுது."

ஒருநாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அழுத்தாமலே, ஊசியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இங்க தெரியுதா?" என்றாள். "தெரியுது தெரியுது" என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயைக் கட்டியிருக்கிறார், காலைக் கட்டியிருக்கிறார், பொய்யை மட்டும் விடவில்லை. இந்தப் பொய்தானே இரண்டு விரலைத் தின்றது. ஆனாலும் மறுநாள் சாயந்தரம் மணி அடித்ததும் பழையபடி போய் உட்கார்ந்தாள், கேட்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. கேக், முறுக்கு, அதிரசம் என்று நாலு வீட்டிலிருந்து தட்டு வந்தது. கஸ்பார் ஒரு துண்டு கேக்கை எடுத்தார், அப்புறம் அவள் தலை மறைந்ததும் இன்னொரு துண்டு எடுத்தார். விருந்தும் கொஞ்சம் கூடத்தான். அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். மறுநாள் சாயந்தரம் மணி அடித்தது. கால்களை மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குக் கீழே மணித்தலையை வைத்து அழுத்தினாள்.

"தெரியுதா?"

பதில் வரவில்லை. அழுத்தமாக வைத்தாள். தோல் குழிந்தது.

"தெரியல" என்றார்.

குதிகாலில் வைத்தாள். "தெரியல." கட்டைவிரலுக்குக் கீழே வைத்தாள். "தெரியல அல்போன்சா. ஒண்ணுமே தெரியல. ரொம்ப நாளாவே தெரியல." மூடின கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. கால் இப்படிச் செத்துக் கிடக்கிறது. ஆனால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனிதர் நிஜத்தைச் சொல்கிறார். அந்தக் காலை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "நாளைக்குக் காலையில ஷரீஃபாகிட்டப் போயி அந்த மூணு மாச ரத்தத்தக் குடுத்துட்டு வருவமா?"

"நாளைக்கா? ரெண்டு துண்டு கேக்கு தின்னுருக்கீங்க. பாஸ்காவுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே."

"தெரியும்" என்றார் கஸ்பார். "அதுக்குத்தான் நாளைக்கே போவோங்கிறேன்."